ஸ்டாப்வாட்சை வைத்து நரம்பின் வேகத்தை அளப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் எடுக்கும் அன்று, பிள்ளைகளை முதலில் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். போர்டில் படம் வரைவதெல்லாம் அப்புறம். நரம்பில் மின்சாரம் போகிறது என்றால், ஸ்விட்ச் போட்டதும் பல்பு எரிவது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பைக் கலைக்க வேண்டும்.

இருபது பேராவது வேண்டும். ஒரு செல்போன், ஒரு அளவு டேப். வட்டமாக, நெருக்கி, குத்துக்காலிட்டு உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் வலப்பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் மட்டும் கண்ணைத் திறந்திருக்கலாம். அவர் பட்டனைத் தட்டும்போதே பக்கத்துத் தோளை அழுத்துவார். தன் தோளில் அழுத்தம் பட்டவர் உடனே அடுத்தவரை அழுத்த வேண்டும். சுற்றி வந்து அவர் தோளிலேயே பட்டதும் நிறுத்துவார். இதையே கணுக்காலைப் பிடித்தும் செய்யுங்கள்; அழுத்தம் மூளைக்குப் போகும் தூரம் கூடுவதால் நேரமும் கூட வேண்டும்.

முதல் வருஷம் ஒத்திகை பார்க்காமல் தொடங்கி அசடு வழிந்தேன். தோள் சுற்று முடிவதற்குள் பிள்ளைகளுக்குக் கை பழகிவிட, கணுக்கால் சுற்று அதைவிடச் சீக்கிரம் முடிந்தது! ஆகவே நேரம் மேலும் குறையாத வரை பழகவிடுங்கள். பிறகு தோள், கணுக்கால் என்று மாற்றி மாற்றி ஐந்தைந்து சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள்.

போன வருஷம் 24 பேர். தோளுக்கு 4.9 விநாடி, கணுக்காலுக்கு 5.5. கணுக்காலிலிருந்து தோள்வரை ஆளுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர், 24 பேருக்கு 28.8 மீட்டர். கூடுதலான 0.6 விநாடியால் வகுத்தால், விநாடிக்கு 48 மீட்டர். மூளைக்கும் கைக்கும் பிடிக்கிற நேரம் இரண்டு சுற்றிலும் ஒன்றுதான், அது கழிந்துவிடும். 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் கண்டது ஏறத்தாழ 27 மீட்டர். அவருடைய ஆசிரியர் முல்லரோ, இதை அளக்கவே முடியாது என்று நினைத்தவர்.

சரி, இப்போது போர்டு. "வட்டத்தில் யாராவது எழுந்து ஓடினீர்களா?" என்று கேட்பேன். இல்லை, அழுத்தம்தான் கைமாறியது. நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானிலும் ஒரே சோடியம் அயனி நெடுக ஓடிப்போவதில்லை. சும்மா இருக்கும்போது செல்லின் உட்புறம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். தூண்டல் பட்டு அது மைனஸ் 55 வாக்கில் ஏறினால், அந்த இடத்தின் சோடியம் வாயில்கள் திறந்துகொள்ளும். வெளியே நெரிசலாக நிற்கும் சோடியம் உள்ளே புகும்; உட்புறம் பிளஸ் 30 வரை எகிறும். அந்த எகிறல் பக்கத்து வாயில்களைத் திறக்கவைக்கும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தத்தைப் பழையபடி இறக்கும். எல்லாம் ஓரிரு மில்லிவிநாடியில். ஒருமுறை திறந்து அடைத்த சோடியம் வாயில் உடனே மறுபடி திறக்காது. அலை வந்த வழியே திரும்பாதது அதனால்தான். மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய நரம்பில் இந்த வாயில் வேலை, உறையின் இடைவெளிகளான ரேன்வியர் கணுக்களில் மட்டும் நடந்தால் போதும், வேகம் கூடிவிடுகிறது.

"அப்போ உறை இல்லாத நரம்பு, சார்?" என்றாள் ஒருத்தி. விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் இடித்தது அப்போதே தெரியும். அந்தக் காந்தல் வலி ஒரு விநாடி கழித்துத்தான் வந்து சேரும். இதற்கென்று யாரும் இடித்துப் பார்க்க வேண்டாம். அடுத்தமுறை தானாக இடிக்கும்போது எண்ணிக்கொள்ளுங்கள்.