சான்றிதழ் கணக்குப்பிள்ளையிடம், விரல் பிரஸ்ஸில்

போன மாதம் கோவை குறிச்சிப் பக்கம் புதிதாக ஜாப் ஒர்க் ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பியின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். நாலு பவர் பிரஸ், ஒரு ஷேரிங் மிஷின், பதினான்கு பேர். ஆபீஸ் அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"யார் பேருங்க இது?"

"நம்ம அக்கவுண்டன்ட்ங்கண்ணா. அவருக்குத்தான் மாசக் கடைசி தவிர மத்த நாள்ல நேரம் இருக்கும்."

எனக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறை முதலுதவியில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் முதலுதவிப் பெட்டி காலி, ஆயின்மென்ட் காலாவதி, பஞ்சில் எலி கூடு கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறவர்களுக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சும்மா இருப்பவரைப் பயிற்சிக்கு அனுப்புவது

என்னுடையது மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்குள் போகும் தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டி அடிக்கும் பட்டறை. அப்போது இரண்டு ஷிப்ட் ஓடியது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள் என்று பேச்சு அடிபட்டதும் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டினேன். 45ஆம் பிரிவு சின்னதுதான். 150 பேருக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பாக, அரசு ஏற்கும் முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆள் வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டையும் படித்தேன். மூன்றாவதைக் கண் பார்த்தது, புத்தி வாங்கிக்கொள்ளவில்லை. ஆப்பரேட்டரை அனுப்பினால் பிரஸ் நிற்கும். கணக்குப்பிள்ளை போனால் எதுவும் நிற்காது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்புக்கு அவரை அனுப்பினேன். நல்ல மனிதர், ஒழுங்காகப் போய்ப் பாஸ் செய்துவிட்டு வந்தார். சான்றிதழ் சுவரேறியது. ஆய்வுக்கு வந்தவர்கூடப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம். ராத்திரி பத்தே முக்கால். ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன், பத்தொன்பது வயது. டையில், அதாவது பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் அச்சில், மாட்டிய ஸ்கிராப்பைக் கையால் தட்டிவிடப் போனான், கால் பிரஸ்ஸை இயக்கும் பெடலில் இருந்தது. இடது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது.

கணக்குப்பிள்ளை ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய வீடு சூலூரில்.

ஷெட்டில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் டீ போடும் இடத்திலிருந்து காபித்தூளைக் கொண்டுவந்து காயத்தில் அப்பினார். இன்னொருவர் ஆயில் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டை எடுத்துச் சுற்றினார். மூன்றாவது ஆள் கெட்டிக்காரர். துண்டான விரலைத் தேடி எடுத்து, மெயின் ரோட்டு ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி, எவர்சில்வர் டம்ளரில் ஐஸோடு ஐஸாகப் போட்டுக் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் எனக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். துண்டான விரலைத் திரும்ப ஒட்டவைக்கும் மைக்ரோசர்ஜரிக்குக் கோவை பேர்போன ஊர். முக்கால் மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தோம். டாக்டர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். ஐஸ் தண்ணீரில் விரல் வெளிறி ஊறிக் கிடந்தது. "இதை ஏங்க நேரா ஐஸ்ல போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். பொடி, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்; அத்தனையையும் டாக்டர் சுரண்டி எடுத்தாக வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். நேராக ஐஸ் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். குளிர்ச்சியில் முறையாக வைத்தால் விரல் பல மணி நேரம் தாங்கும். கையே துண்டானால் அது அவ்வளவு நேரம் தாங்காது; அதில் தசை அதிகம்.

அடுத்த வாரம் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன், துண்டான விரலை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று. ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, அப்புறம் ஐஸ். வகுப்பு நோட்டையும் எடுத்துக் காட்டினார். பைக்குள் விரல், வெளியே ஐஸ் கட்டிகள் என்று பென்சிலில் படமே வரைந்து வைத்திருந்தார். அந்தப் படத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர் மேல் அல்ல.

பையன் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்ததால் மருத்துவச் செலவும் உதவித்தொகையும் அங்கே கிடைத்தன. இழப்பீட்டு அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீதம் இழப்பு என்று போட்டிருக்கிறது. கட்டைவிரல் போனால் 30. சின்ன வாஷரை இரண்டு விரலால் எடுத்துப் பாருங்கள், அந்த 11 என்னவென்று தெரியும்.

இப்போது என் பட்டறையில் ஷிப்டுக்கு இரண்டு பேர் பயிற்சி பெற்றவர்கள், இருவரும் மிஷினில் நிற்பவர்கள். ஏன் இரண்டு என்றால், அடிபடுவதே அந்த ஒருவராக இருந்தால்? இருவரில் ஒருவருக்காவது இந்தி தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், தமிழில் "அமுக்கிப் பிடி" என்று கத்தினால் முழிப்பார்கள். வகுப்பு நாளுக்கு முழுச் சம்பளம் உண்டு. தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆட்கள் பட்டறை மாறுவது நம் ஊர் வழக்கம் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் பட்டியலை ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் திரும்பப் பார்க்கிறேன். ஷிப்ட் மாறும்போது பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் ஒரே ஷிப்டில் போய் விழுந்துவிடுவது வேறு நடக்கும். அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

"யூடியூபில் பார்த்துட்டோம்ணா"

இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆரை பொம்மையில் செய்து பார்க்காமல் கற்க முடியாது. பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் பூப்போலத்தான் அழுத்துகிறார்கள். தினமும் ஷீட் தூக்குகிற ஆளுக்கும் இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். அப்போது மாற்றிவிட இரண்டாவது ஆள் வேண்டும்.

"நம்மளுது சின்னக் கம்பெனிதானுங்க"

2025 நவம்பர் 21 முதல் 1948 சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை, இப்போது 20 பேர். இதைப் பிடித்துக்கொண்டு, "நமக்கு இனிமேல் ஒன்றுமில்லை" என்று சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் பேசினார். 10 பேர் வேலை செய்யும் நிறுவனமும் அந்தத் தொகுப்புக்குள் வருகிறது, முதலுதவிப் பெட்டி அதிலும் இருக்கிறது. பத்துக்கும் கீழே என்றால்? ஆளுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு அப்போதும் முதலாளியுடையதுதான். இ.எஸ்.ஐ. இல்லாததால் அது நேராக நம் பாக்கெட்டிலிருந்து போகும்.

பெட்டிக்குப் பூட்டு

போடாதீர்கள்.

பெட்டிக்குள் மருந்துக்கடை

பாரசிட்டமால், இருமல் டானிக், யாரோ வைத்த போன் சார்ஜர், ஃபியூஸ் ஒயர். குறிப்பிட்ட பொருட்களைத் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது என்றே பழைய சட்டத்தில் தனியாக ஒரு வரி உண்டு. காரணம் எளிது: கட்டுத்துணியைத் தேடும் கையில் சார்ஜர் வரக்கூடாது.

வலிப்புக்குச் சாவிக்கொத்து

பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும், பெயர் மட்டும் சாவிக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானை நகர்த்துங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மயங்கியவர் வாயில் சோடா

கூடாது.

தீக்காயத்துக்கு இங்க், பேஸ்ட், இட்லி மாவு

குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. வீங்குவதற்கு முன்னால் மோதிரத்தையும் கயிற்றையும் கழற்றிவிடுங்கள்.

"வண்டியில விழுந்துட்டான்னு சொல்லிடு"

இதை முதலுதவித் தவறு என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

எங்கள் வரிசையில் ஒரு ஷெட். பேனல் போர்டு வேலை பார்த்த பையனுக்கு ஷாக் அடித்து, ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. கூட வந்தவர்கள் மெயினை ஆஃப் செய்த பிறகுதான் தொட்டார்கள், அந்த வரைக்கும் சரி. போகிற வழியில் முதலாளி போனில் ஒரே ஒரு வரி சொன்னார். மருத்துவமனையில், "பைக்ல ஸ்லிப் ஆயிடுச்சுங்க" என்றார்கள். தலையில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஷாக் அடித்தவனுக்கு இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். பைக்கில் விழுந்தவனுக்கு அதை யார் பார்ப்பார்கள்? விடிகாலையில் நெஞ்சு படபடக்கிறது என்று திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் அடுத்த கூத்து. விழுந்ததில் அடிபட்ட தோளும் சரியாகாமல் மாதக்கணக்கில் வேலைக்கு வர முடியவில்லை. வேலையில் பட்ட காயம் என்றால் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டிருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு, குணமாகும் வரை கூலியில் ஏறக்குறைய 90 சதவீதம் வரும். ஆனால் மருத்துவமனைச் சீட்டு பைக் விபத்து என்கிறது. விபத்துப் பதிவேட்டில் அந்தத் தேதியே காலி. 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் போகவில்லை. கடைசியில் முதலாளி கைக்காசில் மாதாமாதம் கொடுத்துச் சமாளித்தார். ஒரு நாள் ஃபாரம் எழுதச் சோம்பல்பட்டதற்கு எட்டு மாதக் கூலி.

காயப்பட்டவரோடு மருத்துவமனைக்குப் போகிறவருக்கு நான் சொல்லி வைத்திருப்பது: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த மிஷினில், நாம் என்ன செய்தோம். நான்கையும் நடந்தபடியே சொல். எனக்குப் போன் செய்து கேட்காதே.

108க்கு வழி சொல்வது

பதற்றத்தில் சொந்த ஷெட் நம்பரே மறந்துபோகும். போனுக்கு மேலே முழு முகவரி, பக்கத்து அடையாளம், எந்த கேட் வழியாக வர வேண்டும் என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். போன் செய்தவர் லைனைக் கட் செய்யக்கூடாது. ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும், யார் ஓடுவது என்று முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்திருக்க வேண்டும். ராத்திரியில் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நுழைகிற டிரைவருக்கு எல்லா ஷெட்டும் ஒரே நீலத் தகரம்தான்.