இங்கிலாந்து விங்கர் ஒருவரின் கிளப் வாழ்க்கையை விழா மலருக்கு எழுதும் முறை

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள குமரி மேற்குக் கடற்கரையில் கால்பந்து தெரியாத வீட்டைக் காண்பது அரிது. இங்குள்ள கிளப் ஒன்றின் ஆண்டு விழா மலருக்காக இங்கிலாந்து வீரர் ஒருவரைப் பற்றி எழுத முற்படுபவருக்கு ஆட்டத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டுக் கிளப் கணக்குகளைப் படிக்கும் முறை வேறு என்பதால், அதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பக்கக்கோட்டை ஒட்டி ஓடித் தாக்கும் விங்கரைப் பற்றி எழுதும்போது இது இன்னும் அவசியம். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் சாதாரண ஆட்டக்காரராகவே தோன்றுவார்.

ஓய்வு பெற்றுவிட்ட ஒருவரையே தேர்ந்தெடுங்கள். இன்றும் ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதினால், மலர் அச்சாகி வருவதற்குள் அவர் வேறு கிளப்புக்குப் போயிருக்கக்கூடும். இந்தக் கட்டுரையில் 2022 நவம்பரில் ஓய்வை அறிவித்த ஆரன் லெனனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வலப்பக்கக் கோட்டை ஒட்டிய அவருடைய ஓட்டத்தின் வேகம் ஒருபுறமிருக்க, ஒரு விங்கரின் வாழ்க்கையில் வரக்கூடிய எல்லா வகை மாற்றங்களும் அவருடைய வாழ்க்கையில் வந்திருக்கின்றன.

அடுத்து, ஆண்டுகளைச் சீசன்களாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அங்கே லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. எனவே 2003-04 என்று எழுதுவதே சரி. லீட்ஸ் யுனைடெட் அணிக்காக லெனன் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் முதன்முதலில் களமிறங்கியது 2003 ஆகஸ்ட் 23 அன்று, டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக. அப்போது அவருடைய வயது 16 ஆண்டு 129 நாள். பிரிமியர் லீக்கில் ஆடியவர்களில் மிக இளையவர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிடைத்தது. ‘அன்று’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2007-இல் ஃபுல்ஹாம் அணியின் மேத்யூ பிரிக்ஸ் அந்தச் சாதனையை முறியடித்துவிட்டார். பழைய சாதனைகளை இன்றும் நிற்பவைபோல அச்சிடுவதுதான் மலர்க் கட்டுரைகளில் நான் அதிகம் காணும் குறை.

கிளப் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுங்கள். பட்டியல் அதைச் சொல்லாது. கடன் சுமையில் சிக்கியிருந்த லீட்ஸ் 2004-இல் பிரிமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மூத்த வீரர்கள் பலர் வெளியேற, லெனன் ஒரு சீசன் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் ஆடினார். பிறகு 2005-இல் ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டுக்கு டாட்டன்ஹாமுக்குச் சென்றார். அந்தத் தொகை குறைவாக இருந்ததன் காரணம் கிளப்பின் வறுமையில் இருக்கிறது, ஆட்டக்காரரின் திறமையில் இல்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். பவுண்டை ரூபாயாக மாற்றிக் காட்டி வியக்க வேண்டாம்.

எண்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டாட்டன்ஹாமில் லெனன் 266 ஆட்டங்களில் 26 கோல் அடித்ததாக ஓரிடத்திலும், 364 ஆட்டங்களில் 30 கோல் என்று வேறோரிடத்திலும் காண்பீர்கள். இரண்டும் சரியே. முதல் கணக்கு லீக் ஆட்டங்களை மட்டும் சேர்த்தது. இரண்டாவது கணக்கில் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள் ஆகியவையும் அடங்கும். எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆடப் போவதையும் நிரந்தரமாக மாறுவதையும் பிரித்து எழுத வேண்டும். 2015 பிப்ரவரியில் எவர்ட்டனுக்கு லோனில் போன லெனன், அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்றுதான் நிரந்தரமாக அங்கே சேர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் டாட்டன்ஹாமின் ஆட்டக்காரரே. அதன்பின் 2018 ஜனவரியில் பர்ன்லி, 2020-இல் துருக்கியின் கைசேரிஸ்போர், 2021-இல் மீண்டும் பர்ன்லி. இந்தப் பகுதியை நீட்ட வேண்டாம்.

நீட்ட வேண்டியது ஓர் ஆட்டத்தை, அதிலும் ஒரே ஓட்டத்தை. 2011 பிப்ரவரி 15 அன்று ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில், காலிறுதிக்கு முந்தைய சுற்றில் இத்தாலியின் மிலானை அதன் சொந்தச் சான் சீரோ மைதானத்தில் டாட்டன்ஹாம் எதிர்கொண்டது. 80-ஆவது நிமிடத்தில் சக வீரர் மோட்ரிச் தந்த பந்துடன் திறந்துகிடந்த வெளியில் லெனன் ஓடினார். தடுக்க வந்த யெபெஸைக் கடந்து, தாமே அடிக்க முயலாமல், பந்தைப் பக்கவாட்டில் தம் அணியின் கிரவுச்சுக்குத் தள்ளினார். கிரவுச் அதைக் கோலாக்க, ஆட்டம் 1-0 என முடிந்தது. திரும்பாட்டம் 0-0 என முடிந்ததால் அந்த ஒரு கோலே டாட்டன்ஹாமைக் காலிறுதிக்கு அனுப்பியது. கோல் பட்டியலில் லெனனின் பெயர் இல்லை. 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் மோர்ட்டென்சன் என்றபோதிலும், அந்த ஆட்டம் இன்றுவரை வலப்பக்க விங்கர் ஸ்டான்லி மேத்யூஸின் பெயராலேயே அழைக்கப்படுகிறது என்பதையும் இங்கே சேர்க்கலாம்.

நம் வாசகர்கள் பலரும் அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் பார்த்துப் பழகியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆஃப்சைடு இல்லாத சிறிய மைதானத்தில் விங்கர் எதிரணியின் கோல் அருகிலேயே காத்து நிற்கலாம். பதினொருவர் ஆட்டத்திலோ, பந்து கால்விட்டுக் கிளம்பும் கணம்வரை தடுப்பாளர்களின் வரிசைக்குப் பின்னால் போகாமல் நின்று, அந்தக் கணத்தில் பாய வேண்டும். லெனனின் வேகம் பயன்பட்டது இந்த நேரக் கணிப்பினால்தான் என்று விளக்கினால், செவன்ஸ் ஆடும் பையனுக்கும் விஷயம் உடனே புரியும்.

ஆடிய இடம் மாறியதா என்பதையும் பாருங்கள். இதற்கு இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை: இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் கிளப்பில் இடப்பக்க விங்கராக விளங்கினார், 2019-இல் கொல்கத்தா கிளப்பான ஏடிகே சென்றபின் தடுப்பாட்டப் பொறுப்பும் சேர்ந்த விங்பேக் இடத்தில் ஆடினார். 2020-21 சீசனின் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து அந்தச் சீசன் முழுவதையும் இழந்தார். இத்தகைய விவரங்களைச் சொல்லாமல் இரு சீசன்களின் கோல்களை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது.

அச்சுக்குக் கொடுக்கும்முன் ஒவ்வொரு தேதியையும் கிளப்பின் சொந்த அறிவிப்போடு ஒத்துப்பாருங்கள். வெளிநாட்டுப் பெயர்களைக் கட்டுரையிலும் படக்குறிப்பிலும் ஒரே எழுத்தில் எழுதி, அச்சகத்தாரிடம் தனித்தாளில் கொடுத்துவிடுங்கள்.