மழையில் இயற்கைக் காட்சிப் படங்கள்: மழையையே அழித்துவிடும் தவறுகள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வால்பாறைக்குக் கேமராவோடு செல்வோர் பலர். தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது. ஆயினும், அங்கிருந்து வரும் படங்கள் பலவற்றில் தேயிலைத் தோட்டமும் மலையும் தெரிய, மழை மட்டும் தெரிவதில்லை. படம் எடுக்கும்போதும் பின்னர் கணினியில் திருத்தும்போதும் மழையை ஒரு குறையாகக் கருதிச் சரிசெய்ய முயல்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே வரக் கேமரா திறந்திருக்கும் நேரத்தை, தானியங்கி முறைக்கு விட்டுவிடுவது அடிக்கடி நிகழும் தவறு. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது என்பதால், 1/60 நொடியில் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்து, படத்தில் ஒரு கோடாகப் பதிகிறது. அதே துளி 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர்கூட நகராமல் கண்ணுக்குப் புலப்படாத புள்ளியாகிவிடும்; முக்காலியில் வைத்து ஒரு நொடி திறந்தாலோ கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். ஆகவே 1/60 முதல் 1/125 வரை வைத்துத் தொடங்குவது நல்லது. வேகத்தைவிடவும் முக்கியமானது பின்னணி. வெள்ளை வானத்தின் முன்னோ மூடுபனியின் முன்னோ விழும் மழையை எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது. இருண்ட சோலைக்காடு, ஈரப்பாறை, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் தண்டு ஆகியவற்றின் முன்னே, ஒளி பக்கவாட்டிலிருந்தோ எதிர்ப்புறத்திலிருந்தோ வரும்போதுதான் கோடுகள் துலங்கும். ஃபிளாஷ் போட்டால் அருகிலுள்ள துளிகள் மட்டும் வெள்ளைத் திட்டுகளாகப் பதியும் என்பதால் அதை அணைத்துவிடலாம்.

மூடுபனி நிறைந்த காட்சியைக் கேமராவின் ஒளிமானி நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அதன் கணக்கை அப்படியே ஏற்றால் பனி அழுக்காகத் தோன்றும். ஒளியளவை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி எடுத்துவிட்டு, வெண்மையான பகுதிகள் விவரமிழந்துவிடவில்லையா என்று, படத்தின் ஒளியளவுகள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலவானம் இல்லையே என்று, லென்ஸின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரை வீட்டிலேயே விட்டுச் செல்வோர் உண்டு. உண்மையில் அந்த வடிகட்டி மிகவும் பயன்படுவது மழைநாளில்தான்: நனைந்த ஒவ்வோர் இலையும் வெள்ளை வானத்தைப் பிரதிபலித்துத் தன் பச்சையை மறைத்துக்கொள்கிறது, போலரைசர் அந்தப் பளபளப்பைக் குறைத்துப் பச்சையை மீட்டுத் தருகிறது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் ஈரச் சாலையின் பிரதிபலிப்பே படத்தின் உயிராக இருக்கும் இடத்தில் வடிகட்டியை முழுதாகத் திருப்பினால், சாலை வெறும் கறுப்புத் தாராகிவிடும்.

தூசியும் தூறலும் புகாமல் தடுக்கும் அடைப்பைக் குறிக்க 'வெதர் சீலிங்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நீர்புகாத் தன்மை என்று பொருள்கொள்ளக் கூடாது. கேமரா உடலில் அந்தப் பாதுகாப்பு இருந்தாலும், லென்ஸின் பின்விளிம்பில் ரப்பர் வளையம் இல்லையென்றால் பயன் குறைவு. ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் காற்றோடு ஈரத்தையும் உள்ளிழுக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியின் மேல் காற்றின் ஈரம் படிந்து லென்ஸ் மங்கிவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். அப்போது லென்ஸைக் கழற்றினால் அந்த ஈரம் உள்ளே சென்சார் வரை போகும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவைத்தால் போதும். உலர்ந்த துணிகள் சிலவற்றை எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒருமுறை நனைந்த துணி நீரைத் துடைக்காது, பூசத்தான் செய்யும். முன்கண்ணாடியில் ஒட்டிய துளி, அகலக்கோண லென்ஸில் எஃப் 16 போன்ற சிறிய துவாரத்தில் மிகத் தெளிவாகத் தெரியும். காலில் ஏறும் அட்டையைப் பார்க்கும் அக்கறையில் பாதியையாவது அந்தக் கண்ணாடிக்குக் கொடுக்கலாம்.

ஓடையோரத்தில் முக்காலியை ஊன்றியிருக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே பெய்த மழையின் வெள்ளம் வருகிறது என்று கொண்டு உடனே கரையேறிவிட வேண்டும்.

திருத்தும் மேசையில் நேரும் சேதம் இவற்றைவிடப் பெரிது. ஹிஸ்டோகிராமின் இரு முனைகளும் நிரம்பியிருக்க வேண்டும் என்ற பழக்கத்தில் கறுப்பையும் வெள்ளையையும் இழுப்போர், பனிக்காட்சியின் ஒளியளவுகள் இயல்பாகவே நடுவில் குவிந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவியைப் படம் முழுவதும் ஏற்றினால், ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிச் சென்ற மலையடுக்குகள் ஒரே தட்டையான சுவராகும், வானத்தில் நுண்புள்ளிகளும் எழும். முன்னணியில் உள்ள தேயிலைச் செடிகளுக்கு மட்டும் அதைச் சிறிதளவு பூசி, தொலைவைத் தொடாமல் விடுவதே என் தேர்வு. நிறவெப்பத்தைக் கூட்டி மழைநாளின் மெல்லிய நீலத்தை முழுதும் நீக்கினால், அது எந்த நாளில் எடுத்த படம் என்றே தெரியாமல் போகும். பச்சையின் செறிவை ஏற்றுவதற்கும் இதே கதிதான். தேயிலைத் துளிர் மஞ்சள் கலந்த பச்சை, அதை மரகத நிறமாக்குவது தோட்டத்தை நெகிழிப்புல்லாக்குகிறது.

சலிப்பூட்டும் வெள்ளை வானத்துக்குப் பதிலாக வேறொரு வானத்தை ஒட்டும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது. வானத்தை மாற்றினாலும் ஈரச் சாலையிலும் இலைகளிலும் பழைய வெள்ளை வானமே பிரதிபலித்துக்கொண்டிருக்கும். மேலே சூரியன் இருக்க, கீழே மரங்களுக்கு நிழல் இராது. எடுக்கும்போதே சட்டகத்தில் வானத்தை ஒரு கீற்றளவுக்குக் குறைத்திருந்தால் இந்த வேலைக்கே தேவை இருந்திருக்காது.