டைட்டன் நீர்மூழ்கி: கடல்மேல் பழி போடும் முன்

எங்கள் குமரி மாவட்டத்தில் ஆழ்கடல் என்றால் தூரம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் விசைப்படகில் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கரை காணாமல் கிடப்பார்கள். குளச்சல், கடியப்பட்டணம் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைக் கேட்டால் வேறொரு ஆழத்தைச் சொல்வார்கள். நாலைந்து பாகம் இறங்கினாலே காது அடைக்கும். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். பாகக் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கிட்டத்தட்ட 390 கிலோ அழுத்தும். கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு உழவு மாடு ஏறி நிற்பது போல. அதுவும் உடம்பில் ஒரு இடம் விடாமல்.

2023 ஜூன் 18 அன்று, மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலைப் பார்க்க ஐந்து பேரோடு இறங்கிய ‘டைட்டன்’ என்ற சிறிய நீர்மூழ்கி உள்நோக்கி நொறுங்கியது. எல்லோரும் இறந்தார்கள். டைட்டனைச் செய்து நடத்திய ஓஷன்கேட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்தான் அதை ஓட்டினார், அவரும் போனார். இதைப் பற்றி நம் ஊர் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுவதைக் கேட்கும்போது, விபத்தைவிட விபத்தை நாம் புரிந்துகொள்ளும் விதம்தான் உறுத்துகிறது.

“கடல் கொண்டுபோயிற்று” என்பது முதல் தவறு. தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலில் வள்ளம் கவிழும்போதும் அலை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மணல் ஏன் மேடு தட்டியது, யார் அள்ளியிருக்க வேண்டும் என்ற கேள்வி அலையோடு போய்விடுகிறது. டைட்டன் விஷயத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இரண்டு வருடம் விசாரித்து 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்பதுதான் அதன் முடிவு. ரஷ் பிழைத்திருந்தால் குற்ற வழக்குக்குப் பரிந்துரைத்திருப்போம் என்கிற அளவுக்குப் போனது.

வீடியோ கேம் ரிமோட்டை வைத்து ஓட்டினார்களாம் என்று சிரிப்பது இன்னொன்று. சிரிக்கலாம்தான், ஆனால் அது யாரையும் கொல்லவில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஆட்கள் உட்கார்ந்த உருளையை.

அதைக் கார்பன் ஃபைபரில், சுமார் ஐந்து அங்குலக் கனத்தில் செய்திருந்தார்கள். இரண்டு முனையிலும் டைட்டேனியம் மூடி; உருளையோடு பசை வைத்து ஒட்டிய டைட்டேனியம் வளையங்கள்தான் அவற்றைப் பிடித்தன. ஃபைபர் நமக்குப் புதிதல்ல. நம் வள்ளங்களில் இருப்பது கண்ணாடி இழை, அதில் கார்பன் இழை, அவ்வளவுதான் வித்தியாசம். இழையும் ரெசின் என்ற பிசினும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பொருள் என்பதில் இரண்டும் ஒன்று. வடத்தை இழுத்தால் தாங்கும், அதே வடத்தைத் தள்ளிப் பாருங்கள். இழைகளின் குணமும் ஏறக்குறைய அதுதான். இழுவையில் பலம் அதிகம், நெருக்கலில் அடுக்குகளை ஒட்டிப் பிடிக்கும் ரெசினை நம்ப வேண்டும். கடலடியில் இருப்பதோ முழுக்க நெருக்கல். உடைந்த துண்டுகளைச் சோதித்தபோது அடுக்குகளுக்குள் சுருக்கங்களும் காற்றுக் குழிகளும் தெரிந்தன.

குளச்சலில் ஃபைபர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வள்ளத்தை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்பார். நல்ல இடத்தில் ‘டக்’கென்று வரும், அடுக்கு விட்ட இடத்தில் பொத்தென்று வரும். “வெளிய பெயிண்ட் மினுங்கும் மக்களே, உள்ள விட்டுப் போயிருக்கும்” என்று சொல்லிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். நூறு தடவை கடலுக்குப் போய்வந்த வள்ளம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நூறு தடவை போனதால்தான் தட்டிப் பார்க்க வேண்டும் என்பார்.

டைட்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2021, 2022 கோடைகளில் பலமுறை டைட்டானிக் வரை போய்வந்ததையே பலத்துக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். 2022 ஜூலை 15, எண்பதாவது முங்கல். மேலே வரும்போது உள்ளிருந்தவர்களுக்குப் பெரிய வெடிச் சத்தம் கேட்டது. உருளை தன்னைத் தாங்கும் சட்டகத்துக்குள் நகர்ந்த சத்தம் என்று சமாதானம் சொன்னார்கள். உருளையில் பொருத்தியிருந்த உணர்கருவிகளின் பதிவு அதன்பிறகு மாறியே இருந்தது; அடுக்கு விட்டதற்கான அடையாளம் அது என்று பின்னால் விசாரணை சொன்னது. அந்தக் கருவிகளைத்தான் நிறுவனம் தன் பெரிய பாதுகாப்பு ஏற்பாடாகச் சொல்லிவந்தது. காது இருந்தது, கேட்க ஆள் இல்லை. போதாக்குறைக்கு, அடுத்த குளிர்காலம் முழுக்க கனடாவின் உறைபனியில் வெட்டவெளியில் நிறுத்திவைத்தார்கள். நம் ஆட்கள் கட்டுமரத்தைக்கூட ஓலை போட்டு மூடுவார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வேண்டாம் என்று சொன்னவருக்கு என்ன நடந்தது என்பது. டேவிட் லாக்ரிட்ஜ் அந்த நிறுவனத்தின் கடல்சார் பணிகளின் இயக்குநர். 2018 ஜனவரியில் குறைகளை எழுதிக் கொடுத்தார். வேலை போனது, மேலே வழக்கும் வந்தது. அவர் தொழிலாளர் பாதுகாப்புத் துறையில் கொடுத்த புகார் மெதுவாக நகர்ந்து, முன்கூட்டியே தலையிடும் வாய்ப்பு கைவிட்டுப் போனது என்று அறிக்கை குறைசொல்கிறது. அதே வருடம் துறையின் நிபுணர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் எச்சரித்துக் கடிதம் எழுதினார்கள். புதுமைக்கு இடைஞ்சல் என்பது நிறுவனத்தின் வாதம். கப்பல் வேலைக்குப் போன நம் பையன்களுக்கு கிளாஸ் சர்வேயர் என்றால் தெரியும். முதலாளியிடம் சம்பளம் வாங்காமல் கப்பலைச் சோதிக்கும் ஒரு கண். டைட்டனை அப்படி யாரும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை. எந்த நாட்டிலும் அது பதிவாகவும் இல்லை. முன்பக்கத்தில் பதிவு எண் இல்லாத விசைப்படகுக்கு இங்கே மானிய டீசல்கூடக் கிடைக்காது.

பயணிகளை ‘பயணத் திட்ட நிபுணர்கள்’ என்று அழைத்ததும் விளையாட்டல்ல. இரண்டரை லட்சம் டாலர் வாங்கிவிட்டு ஒருவரைப் பயணி என்று சொல்லாவிட்டால், பயணிகளுக்கான சட்டமும் அவருக்குப் பொருந்தாது என்று வாதாடலாம்.

மீட்பு வரும் என்று நம்புவதும் தவறுதான். 96 மணி நேர ஆக்சிஜன் என்று டிவியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, எல்லாம் முதல் நாளே முடிந்திருந்தது. அதற்குச் சில நாள் முன்பு கிரேக்கக் கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான அகதிகளோடு ஒரு படகு மூழ்கியிருந்தது. அதற்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. 2017 ஒக்கிப் புயலில் திரும்பி வராத படகுகளுக்காகக் கரையில் நின்ற எங்களுக்கு இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

அதற்காகப் புதிய நீர்மூழ்கியே வேண்டாம் என்று சொல்வதும் சரியல்ல. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000-ஐப் பாருங்கள். மூன்று பேருக்கு, 6,000 மீட்டருக்கு. 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டேனியக் கோளம். உருண்டையில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 2021-இல் ஆள் இல்லாத எஃகுக் கோளத்தை 600 மீட்டருக்கு இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில், கரையோரத்திலேயே, மத்ஸ்யாவை நீரில் விட்டுச் சோதித்தார்கள். மெதுவாகத்தான் போகிறது. போகட்டும்.

நாளைக்கே ஒருவர் கன்னியாகுமரியில் கடை போட்டு, கடலுக்கடியில் குமரிக்கண்டம் காட்டுகிறேன் என்று டிக்கெட் விற்கலாம். நம் ஊரில் அதற்குக் கூட்டமும் சேரும். ஏறுவதற்கு முன் கேளுங்கள்: வெளியாள் யார் சோதித்தது, எந்தத் தேதியில், எத்தனை மீட்டருக்கு? பதிவு எண் எங்கே? கடைசியாகச் சத்தம் கேட்டபோது யார் திறந்து பார்த்தார்கள்? பதில் சொல்லாமல், ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போடும் தாளை நீட்டினால், திருவள்ளுவர் சிலையைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு, ஒரு சுக்குக் காப்பி குடித்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.