பிரஷர் கணக்கு: ஒரு வட்டாரத்தின் தேவையை அளப்பதும் திட்டத்தை எடைபோடுவதும்

"இந்த ஆண்டு 62,000 பேருக்குப் பிரஷர் பார்த்தோம்" என்று ஓர் அறிக்கை சொன்னால், உடனே கேட்க வேண்டியது: எத்தனை பேரில்? ஒரே பாட்டிக்கு மாதாமாதம் பார்த்தது அதில் 12 பேராக உட்கார்ந்திருக்கலாம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்தோம். தொகுதியை எண்ண எல்லோரும் தயார். பகுதியை எண்ணத்தான் ஆள் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 1,20,000 மக்கள் உள்ள ஒரு வட்டாரத்தையும், 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தையும் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

கையில் இருப்பதை முதலில் படியுங்கள்

தேசிய குடும்ப நல ஆய்வு மாவட்டம் வரைதான் விவரம் தரும், வட்டாரத்துக்குத் தராது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேடு, வந்தவர்களை மட்டும் காட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' (தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தரும் அரசுத் திட்டம்) பட்டியல், கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் காட்டும். வராதவரும் கண்டுபிடிக்கப்படாதவரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுக்காகத்தான் கணக்கெடுப்பு.

படிவம் தயாரிக்கும் முன் நான்கைந்து ஊர்களில் குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். குழுவுக்கு 6 முதல் 10 பேர், ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆண்களும் பெண்களும் தனித்தனி. ஊர்த்தெருவையும் ஆதிதிராவிடர் குடியிருப்பையும் ஒரே கூட்டமாக்கினால் ஒரு பக்கம் மட்டுமே பேசும். "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில்களையே படிவத்தில் விடைகளாக வையுங்கள். "தலைசுற்றல் நின்றுவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பது மேசையில் உட்கார்ந்து யோசித்தால் எளிதில் தோன்றாத விடை.

எத்தனை பேர் வேண்டும்

பிரஷர் உள்ளவர்கள் சுமார் 25 சதவீதம் இருப்பார்கள் என்று வைத்து, 5 சதவீதப் புள்ளி கூடக்குறைய இருந்தால் போதும் என்றால் (1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான எண்): 1.96-இன் வர்க்கம் × 0.25 × 0.75 ÷ 0.05-இன் வர்க்கம் = 288. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் 1.5-ஆல் பெருக்குங்கள்: 432. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று 0.9-ஆல் வகுத்தால் 480. அதாவது 30 கொத்துகள் (ஒரே ஊரில் சேர்த்து அளக்கும் தொகுப்பு ஒரு கொத்து), கொத்துக்கு 16 பேர். தடுப்பூசி ஆய்வுகளில் வழங்கிய 30 × 7 கணக்கை அப்படியே எடுத்து இதற்குப் போடாதீர்கள். அது 10 புள்ளி பிழையைத் தாங்கும் வேலைக்காக அமைத்தது.

ஊரையும் வீட்டையும் ஆளையும் தேர்வது

எல்லாக் குக்கிராமங்களையும் மக்கள்தொகையோடு எழுதி, தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1,20,000 ÷ 30 = 4,000. ஒன்றுக்கும் 4,000-க்கும் இடையே குலுக்கலில் ஓர் எண் எடுங்கள். 1,730 வந்தது என்று வைப்போம். கூட்டுத்தொகை முதன்முதலில் 1,730-ஐத் தொடும் ஊர் முதல் கொத்து. அடுத்தது 5,730, பிறகு 9,730. பெரிய ஊருக்கு இரண்டு கொத்து விழலாம், அது தவறல்ல.

ஊருக்குள் நுழைந்ததும்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெடுகின்றன. பேருந்து நிறுத்தத்திலோ கோயில் முன்போ பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் நடப்பார்கள். நடு ஊரின் வீடுகளே திரும்பத் திரும்ப வரும். ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பு, தோட்டத்து வீடுகள், செங்கல் சூளை ஆகியவை விடுபடும். அதற்குப் பதிலாகக் கிராம சுகாதார செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் முதல் நாளே வீடுகளைப் பட்டியலிடுங்கள். ஏடுகளில் பெயர் இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களையும் சேருங்கள். 112 வீடுகள் இருந்தால் 112 ÷ 16 = 7; குலுக்கலில் வந்த வீட்டிலிருந்து ஏழாவது, ஏழாவது வீடு.

வீட்டில் 30 வயது தாண்டியோரை வயது வரிசையில் எழுதி, குலுக்கலில் ஒருவரை எடுங்கள். அவர் இல்லையென்றால், இருப்பவரை அளந்துவிட்டு நகரக் கூடாது. பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அப்படி அளந்தால் ஊருக்கே பிரஷர் என்று முடிவு வரும். நூறு நாள் வேலைக்குப் போனவருக்காக மாலை ஆறுக்கு மேலும், டவுனுக்கு வேலைக்குப் போகிறவருக்காக ஞாயிறன்றும் திரும்பிப் போங்கள். மூன்று முறை போயும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். மாற்று ஆள் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். ஆள் அதிகமுள்ள வீட்டில் ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு குறைவு; பிறகு அதை ஈடுகட்டி எடையிட அந்த எண் வேண்டும். இருவர் கொண்ட நான்கு குழு, நாளுக்குப் பத்து வீடு என்றால் 12 நாளில் முடியும்.

அளவு எடுக்கும்போது

அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வீட்டில் நாற்காலியே இல்லாமல் போகலாம். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கைப்பட்டை துணிமேல் வரக் கூடாது; இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், ஆகவே இரண்டு அளவில் பட்டை வேண்டும். மூன்று முறை எடுத்து, கடைசி இரண்டின் சராசரியை வையுங்கள்.

180/110-ஐ எட்டியவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதலும் அவரவர் சம்மதமும் இல்லாமல் பட்டையைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

தினமும் மாலை கடைசி இலக்கங்களை எண்ணுங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். ஒரு குழுவின் ஏட்டில் 120/80, 130/80, 140/90 என்றே வரிசையாக இருந்தால், கருவியைப் பையிலிருந்து எடுத்தார்களா என்று போய்ப் பாருங்கள்.

முடிவைப் படிப்பது

140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களும், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சேர்ந்ததே பிரஷர் உள்ளோர். ஒரே நாளில் அளந்ததால் உண்மையைவிடச் சற்றுக் கூடவே வரும். அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

480 பேரும் கிடைத்ததாகவே வைத்து ஓர் உதாரணம். பிரஷர் உள்ளவர்கள் 120. தமக்குப் பிரஷர் இருப்பது முன்பே தெரிந்தவர்கள் 60, மாத்திரை சாப்பிடுபவர்கள் 48, கட்டுக்குள் இருப்பவர்கள் 24. சுகாதார நிலையத்தின் ஏட்டில் இது 48-க்கு 24, அதாவது 50 சதவீதம். ஊரில் 120-க்கு 24, அதாவது 20 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. மேலும் 120-லிருந்து 60-க்கு இறங்கும் இடமே பெரிய பள்ளம் என்பதால், இந்த வட்டாரத்துக்கு இப்போது வேண்டியது புது மாத்திரை அல்ல, ஆண்கள் வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதனையாக இருக்கலாம். தெரியாதவர்களில் ஆண்களே அதிகமா என்று ஆண், பெண் பிரித்துப் பார்த்தால் இது உறுதியாகும்.

திட்டம் வேலை செய்ததா

இதே 480 பேர் ஆய்வை இரண்டாண்டு கழித்துத் திரும்ப எடுத்து, 20 சதவீதம் 26 ஆகிவிட்டது என்று கொண்டாடாதீர்கள். 120 பேரில் 20 சதவீதம் என்பதே 7 புள்ளி இப்படி அப்படி ஆடும். 20-லிருந்து 30-க்கு ஏறியதை நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு சுற்றிலும் பிரஷர் உள்ளவர்களே சுமார் 290 பேர் வேண்டும். அதற்கு 1,160 பேரை அளக்க வேண்டும், கொத்துக்கான கூடுதல் தனி. பணம் இல்லையென்றால் ஊர் ஆய்வைத் தேவை அறிய மட்டும் வைத்துக்கொண்டு, மதிப்பீட்டுக்கு ஏட்டையே ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை புதிதாகச் சேர்ந்த எல்லோரையும் ஒரு தொகுப்பாக எடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்தில் போடுங்கள்: கட்டுக்குள், கட்டுக்கு வெளியே, வரவில்லை, இறந்தார், வேறு ஊர் போனார். வராதவரைப் பின்னத்தின் பகுதியிலிருந்து நீக்கினால் வெற்றி விகிதம் தானாக ஏறும். நான் பார்த்தவரை எண்ணைக் கெடுக்க இதைவிட எளிய வழி வேறில்லை.

இன்னும் இரண்டு பொறிகள். ஒரே ஒரு அளவில் 150 வந்தவரைச் சேர்த்தால், மாத்திரை இல்லாமலேயே அடுத்த முறை குறைவாகக் காட்ட வாய்ப்பு அதிகம். இரு வேறு நாளில் அளந்து உறுதி செய்த பிறகே சேருங்கள். கோடையில் பிரஷர் பொதுவாகக் குறைவு. டிசம்பரில் தொடங்கி மே மாதத்தில் ஒப்பிட்டால் பெருமை வெயிலுக்குச் சேரும்.

திட்டம் மாநிலம் முழுக்க நடப்பதால் ஒப்பிடத் திட்டமே இல்லாத வட்டாரம் கிடைக்காது. தன்னார்வலர் இடம் மாதக்கணக்கில் காலியாக இருந்த துணை சுகாதார நிலையங்களையும் நிரம்பியிருந்தவற்றையும் ஒப்பிடலாம். காலியிடம் பெரும்பாலும் பஸ் போகாத ஊரில்தான் இருக்கும் என்பதை மறக்காமல் ஒப்பிடுங்கள்.

கடைசியாக மருந்துக் கிடங்கு. வட்டாரத்தில் 30 வயது தாண்டியோர் 60,000 என்றால், 25 சதவீதக் கணக்கில் 15,000 பேருக்குப் பிரஷர். ஆளுக்குத் தினம் ஒரு அம்லோடிபின் (பிரஷர் மாத்திரை) என்றாலே மாதம் 4,50,000 மாத்திரை. இப்போது சாப்பிடும் 40 சதவீதத்துக்கு மட்டும் 1,80,000. தேவைப் பட்டியலைப் போன மாதச் செலவை வைத்துப் போட்டால், மாத்திரை இல்லையென்று திரும்பிப் போனவர்கள் செலவில் வரமாட்டார்கள். அடுத்த மாதம் இன்னும் குறைவாகவே வரும்.