லாரி டிரைவர் கண்ணு அசந்து விபத்தாயிட்டா யாரு பொறுப்பு, யாரு என்ன செய்யணும்

தை மாசம் சம்பா அறுப்பு ஆரம்பிச்சா டெல்டாவுல லாரி ஓட்டுறவங்க பாடு என்னன்னு நெல்லு போட்ட எல்லாருக்கும் தெரியும். காலையில கொள்முதல் நிலையத்து வாசல்ல வரிசைல நின்ன வண்டிக்கு சாயங்காலம்தான் லோடு ஏறும், 40 கிலோ சிப்பமா அடுக்கி தார்ப்பாய் இழுத்துக் கட்டி கிளம்பவே ராத்திரி ஆயிடும், அப்புறம் குடோனுக்கோ நீடாமங்கலம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கோ போனா அங்கயும் வரிசை. மொதலாளிகிட்ட சொன்னா "பகலெல்லாம் சும்மாதானடா உக்காந்திருந்த"ம்பாரு. வரிசை நகர நகர வண்டிய நகத்திக்கிட்டு கொதிக்கிற கேபின்ல உக்காந்திருக்குறது தூக்கம் ஆகாதுங்க. காலைல 5 மணிக்கு எந்திரிச்சவருக்கு ராத்திரி 10 மணிக்கு 17 மணி நேரம் ஆச்சு. அந்த நேரத்துல தடுமாற்றம் 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்குற மாதிரின்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, நம்ம சட்டத்துல 30 தாண்டினாலே குடிச்சிட்டு ஓட்டுன கேஸு.

டிரைவருங்க மொதல்ல கவனிக்க வேண்டியது விடியக்காலம் 2 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும், அப்புறம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம். ஒடம்பு தானா அசர்ற நேரம் அது. 60 கிலோமீட்டர் வேகத்துல 4 செகண்ட் கண்ணு சொக்குனா வண்டி 65 மீட்டருக்கு மேல யாரும் ஓட்டாமலே போயிடும், நம்ம ரோட்டுல ஒரு பக்கம் வாய்க்கா, ஒரு பக்கம் ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிப்பர், ஆவணில வேளாங்கண்ணிக்கு நடந்து போற ஜனம் வேற. கொட்டாவி மேல கொட்டாவி வந்து, கடைசியா தாண்டுன ஊரு எதுன்னு ஞாபகம் வரலைன்னா ஒடனே ஓரங்கட்டுங்க. மூஞ்சி கழுவுறது, பாட்டு, ஜன்னல் காத்து எல்லாம் கொஞ்ச நேரத்துக்குதான். ஒரு டீ குடிச்சிட்டு ஒடனே 20 நிமிஷம் படுங்க, டீ வேலை செய்ய அவ்ளோ நேரம் ஆகும். ஆனா ரெண்டு நாள் தூக்கத்த அது ஈடு கட்டாது. நிறுத்துறப்ப ரோட்டு மேல நிறுத்தாதீங்க, பார்க்கிங் லைட்டு இல்லாம நின்ன லாரில பைக்கு மோதினாலும் பொறுப்பு உங்க மேல வரும். பங்க்லயோ தாபாவுலயோ உள்ள தள்ளி நிறுத்துங்க.

இன்னொன்னு, மொதலாளிக்கு ஒரு வாட்ஸப் வாய்ஸ் போட்டு வைங்க. "மொதலாளி, நேத்து காலைலேர்ந்து தூங்கல, தஞ்சாவூர் பைபாஸ்ல நிறுத்தி படுத்துட்டு எடுக்குறேன்." அவ்ளோதான். அதுக்கு அவரு என்ன பதில் சொன்னாருங்கிறது பின்னாடி பெரிய விஷயமா ஆகலாம்.

ஏன்னா சட்டத்துல பொறுப்பு டிரைவரோட நின்னுடல. டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 5 மணி நேரம் ஆனா அரை மணி ஓய்வுன்னு 1961லயே மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்துல எழுதி வச்சுட்டாங்க, 2025 நவம்பர்லேர்ந்து அதுக்கு பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு. தூங்கிட்டேன்னு சொல்றது கோர்ட்டுல தப்பிக்கிற வழி இல்ல, தூக்கம் வருதுன்னு தெரிஞ்சும் ஓட்டுனதுதான் கவனக்குறைவு. உயிர் போயிருந்தா பாரதிய நியாய சன்ஹிதா 106(1), 5 வருஷம் வரைக்கும் ஜெயில், பழைய 304ஏ-ல 2 வருஷம்தான் இருந்துச்சு. நஷ்டஈடுன்னு வர்றப்ப டிரைவர் செஞ்சதுக்கு ஓனரும் பொறுப்பு, இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கட்டும், லேப்ஸ் ஆகியிருந்தா ஓனர் வீடு நெலத்த வித்துதான் கட்டணும். ஆபத்தா ஓட்டச் சொல்லி தூண்டுனவருக்கும் அதே தண்டனைன்னு மோட்டார் வாகன சட்டம் 188வது பிரிவு சொல்லுது. ஓனருங்க சீசன்ல வண்டிக்கு ரெண்டு டிரைவர் போடுங்க, ட்ரிப்புக்கு இவ்ளோன்னு பேட்டா பேசுனா தூக்கத்த வித்துதான் அவன் காசு பாப்பான்.

விபத்து நடந்துட்டா டிரைவர் அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், 108 கூப்பிடணும். ஜனம் அடிக்க வருதுன்னா உயிருக்கு பயந்து விலகறத சட்டமே ஏத்துக்குது, ஆனா நேரா பக்கத்து ஸ்டேஷனுக்கு போயி சொல்லிடணும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள. தலைமறைவானா கேஸு இன்னும் மோசமாகும்.

அடிபட்ட குடும்பத்துக்குதான் நான் நெறைய சொல்லணும். சாவு வீட்டுலயே நாலு பேரு வந்து "ரெண்டு லட்சம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்குங்க"ன்னு பேசுவாங்க. கையெழுத்து போட்ராதீங்க. கணக்கு பாருங்க: 35 வயசு கொத்தனாரு, மாச வருமானம் 15,000, வருஷத்துக்கு 1,80,000. 2017ல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேத்தா 2,52,000. அவர நம்பி நாலு பேருன்னா அவரு சொந்த செலவுக்கு கால்வாசி கழிச்சு 1,89,000. 35 வயசுக்கு பெருக்குற எண் 16. மொத்தம் 30,24,000, இதுக்கு மேல ஈமச்சடங்கு செலவெல்லாம் தனி. தப்பு யாரு மேலன்னு நிரூபிக்க வழியே இல்லைன்னாலும் மோட்டார் வாகன சட்டம் 164வது பிரிவுல சாவுக்கு 5 லட்சம், பெரிய காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு.

எஃப்ஐஆர், ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (போலீஸ் எடத்த பாத்து எழுதுறது), எம்விஐ ரிப்போர்ட் (வண்டிய சோதிக்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் குடுக்குறது) எல்லாத்துக்கும் காப்பி வாங்குங்க. ஸ்கெட்ச்ல பிரேக் போட்ட டயர் தடம் இருக்கான்னு பாருங்க, தடமே இல்லாம நேரா போயி மோதியிருந்தா தூங்கியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. டிரைவர் எவ்ளோ நேரமா முழிச்சிருந்தாருன்னு காட்ட டோல் ஃபாஸ்டேக் நேரம், ஜிபிஎஸ், டீசல் பில்லு, எடை மேடை சீட்டு, லோடு ஏத்துன நேரம், ஓனரோட ஃபோன் கால் விவரம் எல்லாத்தையும் வரவழைக்கச் சொல்லி வக்கீல் மூலமா மனு போடுங்க. சிசிடிவி மட்டும் காத்திருக்காது, பழசு அழிஞ்சிடும், பங்க்லயும் கடையிலயும் மறுநாளே கேளுங்க. நஷ்டஈடு மனுவ விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள போட்டுடுங்க, விபத்து எங்க நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊரு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துலயே போடலாம்.

செத்தது லாரி டிரைவரே ஆனா? "அவன் தூங்கிதானே போனான், ஒண்ணும் கெடைக்காது"ன்னு அந்த வீட்ட அப்படியே விட்டுர்றாங்க, பாக்கவே வயிறு எரியுது. விபத்து தீர்ப்பாயத்துல அவரு பேர்ல கேக்குறது கஷ்டம்தான், ஆனா வேலைல இருக்கும்போது நடந்ததுக்கு தொழிலாளர் இழப்பீட்டு வழியில (முன்னாடி 1923 சட்டம், 2025 நவம்பர்லேர்ந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) கேக்கலாம், அங்க சாவுன்னு வந்துட்டா அவரோட கவனக்குறைவ காரணம் காட்டி மறுக்க முடியாது. கிளீனருக்கும் அதேதான்.

மூட்டை மேல ஏறி உக்காந்து போறவங்க விஷயம் வேற. சரக்குக்கு சொந்தக்காரர், இல்ல அவரு அனுப்புன ஆளுன்னா இன்சூரன்ஸ் பாலிசி பேசும், லிஃப்ட் கேட்டு ஏறுனவங்களுக்கு கம்பெனி கைய விரிச்சிடும், ஓனர்கிட்டதான் கேக்கணும். நடவு ஆளுங்கள சரக்கு வண்டில ஏத்தி அனுப்புற மேஸ்திரிங்க இத தெரிஞ்சுக்கிட்டு வேன் பேசுங்க.

வக்கீலுக்கு காசு இல்லைன்னா மாவட்ட கோர்ட்டுல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பெண்கள், எஸ்சி எஸ்டி, வருமானம் கம்மியானவங்களுக்கு இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க, ஃபோன்லன்னா 15100.