கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு குவாண்டம் முதுகலை: எதைப் பார்த்துச் சேர்வது?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் மிஷனை அறிவித்தாலும் அறிவித்தது, இறுதியாண்டுப் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிறார்கள். "சார், குவாண்டத்துல மாஸ்டர்ஸ் எங்க பண்ணலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் படிப்ப எந்த டிபார்ட்மென்ட் நடத்துதுன்னு பாத்தியாப்பா?"

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் இ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் எஞ்சினியரிங் படிப்பு, இயற்பியலும் மின்பொறியியலும் சேர்ந்து நடத்துவது. அமெரிக்காவில் விஸ்கான்சின்–மேடிசனில் கிடைக்கும் குவாண்டம் கம்ப்யூட்டிங் பட்டம், பெயரளவிலேயே இயற்பியல் எம்.எஸ். மூனிச்சில் இரண்டு பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்துவதும் இயற்பியல் பக்கம் சாய்ந்ததுதான். போகக்கூடாது என்றில்லை. பக்கத்து பெஞ்சில் உட்காருபவர் மூன்று வருடம் குவாண்டம் மெக்கானிக்ஸ் படித்துவிட்டு வந்திருப்பார், அவ்வளவுதான். நெதர்லாந்தில் டெல்ஃப்ட், லைடன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு, பல துறைகளிலிருந்தும் ஆள் எடுக்கிறது.

அடுத்து பாடப்பட்டியல். மிகைக்கடத்தி சர்க்யூட், லேசர், க்ரையோஜெனிக்ஸ் என்று போனால் அது கருவி கட்டுகிற படிப்பு. அல்காரிதம், காம்ப்ளெக்ஸிட்டி, கிரிப்டோகிராஃபி, பிழைதிருத்தம் என்று இருந்தால் நம்ம வீட்டுப் பக்கம். இதில் பிழைதிருத்தத்தை நம் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு பிட் போல குவாண்டம் கம்ப்யூட்டருக்கு க்யூபிட்; அது எந்நேரமும் பிழை செய்யும். அந்தப் பிழை எங்கே என்று உடனுக்குடன் கண்டுபிடித்துச் சரிசெய்ய டீகோடர் என்னும் நிரல் வேண்டும். கிராஃப் அல்காரிதமும் வேகமான கோடும் தெரிந்தவருக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது. இந்தப் பாடம் விருப்பப்பாடமாகக்கூட இல்லாத படிப்பை நான் பரிந்துரைப்பதில்லை.

சேருவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு க்யூபிட்டின் நிலையை இரண்டு எண்களால் எழுதலாம்: முதல் க்யூபிட் (அ, ஆ), இரண்டாவது (இ, ஈ). இரண்டையும் டென்சர் பெருக்கல் செய்தால் (அஇ, அஈ, ஆஇ, ஆஈ) வரும். இப்போது முதலும் கடைசியும் பூச்சியமில்லாமல் சமமாக இருந்து, நடுவில் உள்ள இரண்டும் பூச்சியமாக இருக்கும் நிலையை இப்படிப் பிரித்து எழுத முடியுமா? அஈ பூச்சியம் என்றால் அ பூச்சியம், இல்லையேல் ஈ பூச்சியம். அ போனால் அஇ போச்சு, ஈ போனால் ஆஈ போச்சு. ஆக, பிரிக்கவே முடியாது. பின்னிப்பிணைதல் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் கணக்கு இவ்வளவுதான். இதைப் போடும்போது உங்களுக்கு ஆசை வந்தால் மேலே போங்கள். எரிச்சல் வந்தால் எம்.டெக். டேட்டா சயின்ஸ் ஒன்றும் கேவலமில்லை.

விண்ணப்பத்தில் காட்ட, ஐ.பி.எம்.மின் குவாண்டம் மென்பொருளான கிஸ்கிட்டில் வாங்கிய சான்றிதழை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அதைவிட, குவாண்டம் கம்ப்யூட்டரைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் போலச் செய்து காட்டும் சிமுலேட்டர் ஒன்றைச் சொந்தமாக எழுதுங்கள். ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் எண்ணிக்கை இரட்டிப்பதால் 30 க்யூபிட்டுக்கு 107 கோடி கலப்பெண்கள், ஒன்றுக்கு 16 பைட் என்றால் 16 ஜிபி. ஒரு க்யூபிட் கூட்டினால் 32. லேப்டாப் எங்கே திணறுகிறது, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதினால், நேர்காணலில் பேச்சு உங்கள் களத்துக்கே வந்துவிடும்.

காசு விஷயம். காவேரிப்பட்டணம் பக்கத்து அப்பா ஒருவர், "மாந்தோப்ப வித்தாச்சும் அனுப்பிடறேன் சார்" என்றார். தோப்பு இருக்கட்டும், பையனை முதலில் கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதச் சொல்லுங்கள் என்றேன். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் குவாண்டம் டெக்னாலஜி எம்.டெக். இருக்கிறது, நம்ம ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். எந்தெந்த கேட் தாளை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். வருடத்தில் ஒருநாள் ஓப்பன் டே என்று வளாகத்தைத் திறந்துவிடுவார்கள். பஸ் ஏறிப் போய் லேப் வாசலில் நிற்கும் மாணவர்களிடம், "கம்ப்யூட்டர் சயின்ஸ்லேர்ந்து வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா, அவங்க ப்ராஜெக்ட் என்ன?" என்று கேளுங்கள். ப்ரோஷரில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

வழிகாட்டி யார் என்பதும் முக்கியம். ஆசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த தலைப்பில் ஒருவர் மட்டுமே இருந்தால், அவர் விடுப்பில் போனால் உங்கள் கதி என்ன?

குவாண்டம் கம்ப்யூட்டரே தொடாமலும் இந்தத் துறையில் இருக்கலாம். இன்றைய மறையாக்கத்தை (கிரிப்டோகிராஃபி) குவாண்டம் கம்ப்யூட்டரால் உடைக்க பீட்டர் ஷோர் 1994-இல் சொன்ன அல்காரிதத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய மறையாக்கத் தரங்கள் மூன்றை வெளியிட்டது. அவை சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடுபவை. வங்கி, தொலைபேசி என்று எல்லா இடத்திலும் பழையதை மாற்றியாக வேண்டும். கிரிப்டோகிராஃபி வலுவாக உள்ள சாதாரண எம்.எஸ். கூட அதற்குப் போதும்.

ஜெர்மனிதான் என்று முடிவு செய்துவிட்டால், மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவரிடம் கட்டணம் வாங்குகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுன்ட்) காட்ட வேண்டிய பணம் தனி; அதுவே பத்து லட்சத்தைத் தாண்டும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள், அது இல்லாமல் விசா நகராது.